பத்து இருபதுக்கு வந்த செய்தி

கிளமெண்ட்டுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். வலது கை சோற்றில் இருக்கும்போதே இடது கை சட்டைப்பையிலுள்ள செல்போனைத் தடவும். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வயிறு எரிகிறதென்று மருந்து குடிப்பான், அது இறங்குவதற்குள் டீயும் குடிப்பான். பிறகு வயிறு எங்கே ஆறும்?

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். கம்பெனி மூடியதும் வீட்டு வயரிங் வேலைக்கு வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பட்டப்பகலில் திருட்டு நடந்த நேரம் அது. சென்னைக்குப் போய் திருட்டு அலாரப் பெட்டிகள் வாங்கிவந்தான். கதவில் ஒரு காந்தம், சுவரில் ஆள் நடமாட்டம் பார்க்கும் கண், அலமாரிக்கு மேலே சிம் கார்டு போட்ட பெட்டி. பூட்டிய வீட்டில் கதவு திறந்தால் பெட்டி செல்போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். சைரனும் உண்டு. பல்லி ஊர்ந்தாலும் அது அலறுகிறதென்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரவே, எல்லா வீட்டிலும் சைரனைக் கழற்றிப் போட்டான்.

செய்தி யாருக்குப் போவது என்பதில்தான் கோளாறு. வாங்கியவர்களில் பாதிப் பேர் பேட்டையில் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிறவர்கள். காலையிலிருந்து முழங்கை வரை மண்குழம்பு. அந்தக் கையோடு போனைத் தொட முடியாதென்று, சாப்பாட்டுப் பையில் சுற்றி வைத்துவிடுவார்கள். "உன் நம்பரையே போட்டுக்க தம்பி, நீ பாத்துக்க மாட்டியா?" என்றார்கள். மறுத்தால் வியாபாரம் போய்விடுமோ என்று கிளமெண்ட் தலையாட்டினான். இரண்டு வருடத்தில் இருபத்துமூன்று வீடு அவன் சட்டைப்பைக்குள் குடிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது போன் உறுமும். அவன் வெளியே ஓடுவான். மனைவி மெர்சி ஒருநாள், "சாமியே கூப்புட்டாலும் உங்க லைன் கிடைக்காதுங்க" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு வந்தது. தினமும் காலை பத்து மணிக்குக் கரண்ட் போகும். போனால், 'மின்சாரம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறேன்' என்று ஒவ்வொரு பெட்டியும் ஒரு செய்தி அனுப்பும். பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தால் இன்னொன்று. அந்தச் செய்தியை நிறுத்திவைக்க வழி உண்டு. கிளமெண்ட் நிறுத்தவில்லை. பெட்டிக்கு உயிர் இருக்கிறதென்று தெரியட்டுமே என்று விட்டுவைத்தான். நாளடைவில் பத்து மணிக்குப் போன் உறுமினால் எடுத்துப் பார்ப்பதையும் விட்டான்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் ஏணிமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்குப் போன் உறுமியது, பிறகு அடங்கிவிட்டது. பதினொன்றரைக்கு இறங்கி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பார்த்தால், உறை போன்ற படம் விட்டு விட்டு மின்னியது. போனில் இடமில்லை என்று அர்த்தம். பழைய செய்திகளை அழித்தான். அழிக்க அழிக்க, வெளியே காத்திருந்தவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மூன்றாவதாக வந்தது பேட்டையில் பொம்மை செய்யும் கொளஞ்சிநாதன் வீட்டுப் பெட்டியின் செய்தி: பின்கதவு திறந்தது. நேரம் பத்து இருபது.

டீயை அப்படியே வைத்தான். கொளஞ்சிநாதனுக்கு நான்கு முறை அடித்தான், எடுக்கவில்லை. ஆலடி ரோட்டிலுள்ள அந்த வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினான். வழியெல்லாம் பல்லியாக இருக்கும், பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பல்லி கதவைத் திறக்காதென்று அவனுக்குத் தெரியாதா?

பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. பீரோ திறந்திருந்தது. மகள் துர்காதேவியின் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சங்கிலியும் வளையல்களும் இல்லை. கிளமெண்ட் பேட்டைக்குப் போய்ச் சொல்லி, கொளஞ்சிநாதனை அழைத்துவந்தான். காய்ந்த மண் வெள்ளைவெள்ளையாக ஒட்டிய கையோடு அவர் பீரோ முன்னால் வெகுநேரம் நின்றார். கூடவே வந்த அவர் மனைவி கொளஞ்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ்காரர் வந்து பெட்டியை அண்ணாந்து பார்த்தார். இது அடிக்கவில்லையா என்று கேட்டார். கிளமெண்ட் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சிநாதனே பதில் சொன்னார்.

"கரண்டு இல்லைங்களே. பொட்டி எப்பிடி வேலை செய்யும்? தம்பிமேல தப்பு இல்லைங்க."

போலீஸ்காரர் அதையே எழுதிக்கொண்டார். கிளமெண்ட்டின் தொழிலுக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது. மின்வாரியத்தின் தலையில் பழி போய்விடும். மறுநாள் வேறு வீட்டில் வேறு பெட்டி மாட்டலாம். அவன் தண்ணீர் கேட்கலாமென்று பார்த்தான். அந்த வீட்டில் அப்போது யாரிடம் கேட்பது?

போலீஸ்காரர் பேனாவை மூடினார். கிளமெண்ட் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.

"பொட்டி வேலை செஞ்சுதுங்க. பத்து இருபதுக்கே சொல்லியிருக்குது. என் போனு ரொம்பி வழிஞ்சுது. நான் பதினொண்ணரைக்குத்தான் பாத்தேன்."

போலீஸ்காரர் நேரத்தை எழுதிக்கொண்டு, மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். கொளஞ்சியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எருமை காதுல மழ பேஞ்சாப்ல இருந்திருக்கியேடா. அதுக்கு வாசல்ல ஒரு நாயக் கட்டியிருந்தா கொலைக்கவாவது கொலைச்சிருக்கும்."

"ஆமாங்கா" என்றான் கிளமெண்ட்.

கொளஞ்சிநாதன் ஏணியை எடுத்து வரச் சொன்னார். பெட்டியை இறக்கச் சொல்கிறார் என்று நினைத்து அவன் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினான்.

"அத ஏன் கழட்டுற? அது ஒழுங்காத்தான சொல்லியிருக்குது. உன் நம்பர எடு. எம் பொண்ணு நம்பரப் போடு. அவ எட்டாங்கிளாஸ் டீச்சரு, படிக்கத் தெரியும்."

மாற்றிக் கொடுத்தான். மின்வெட்டுச் செய்தியையும் நிறுத்தினான். ஒரு நிமிட வேலை. ஏணியிலிருந்து இறங்கினான். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினான். கொளஞ்சிநாதன் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"மத்த வூட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"இல்லண்ணே."

"அவங்க எல்லாம் உன்ன நம்பிப் பூட்டிட்டுப் போயிருக்காங்க. போயி சொல்லு. நாளைக்குப் பத்து மணிக்கு மின்னாடி அத்தன வூட்டுலயும் சொல்லி முடிச்சிரணும்."

கிளமெண்ட் கிளம்பினான். அடுத்த தெருவிலேயே மாணிக்கவேல் வீடு இருந்தது. பூட்டியிருந்தது. அவன் படியில் உட்காரவில்லை. ஆள் வரும்வரை வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான்.