மண் காயும் முன் ஒரு மீன்குழம்பு

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பெரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் கஞ்சியும் பயறும் கொண்டுவருவார்கள். செத்தவரின் மனைவி வேண்டாமென்று முகத்தைத் திருப்ப வேண்டும். நாலு பேர் கட்டாயப்படுத்திய பிறகு இரண்டு வாய் குடித்து, மூன்றாவது வாயில் விம்ம வேண்டும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

தையல்காரி லீலாபாய்க்கு மட்டும் தெரியவில்லை. கணவர் ஜேசுதாசை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் கஞ்சியை நீட்டினார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். போதாததற்கு, கல்லறையில்கூட அவள் அழவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஜேசுதாசுக்குக் கிட்னி கெட்டு ஒரு வருஷமாக உப்பில்லாக் கஞ்சி. தனக்கென்று வேறு சமைத்தால் மணம் பிடித்து மனுஷன் ஏங்கிப்போவாரே என்று அவளும் அதையே குடித்தாள். அப்போது எட்டிப்பார்க்காதவர்கள்தான் இப்போது தூக்குப்பாத்திரமும் கையுமாக வந்தார்கள். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை பைக்கில் மீன்காரன் வந்தான். லீலாபாய் நெய்மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் கொதிக்கவிட்டாள். பக்கத்து அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது. துக்கம் விசாரிக்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மணம் எட்டியது. நாத்தனார் ராகேல் அடுக்களைக்குள் பாய்ந்தாள்.

"ஏட்டி லீலா, எனக்க தம்பிக்கக் குழியில மண்ணு காயல்ல. ஒனக்கு நெய்மீனு கேக்குதோ?"

"பசிக்கு மைனி. நெஞ்சு காஞ்சு கெடக்கு. அழுகதுக்குக்கூட தெம்பு இல்ல."

"நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"அவியளுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்."

ராகேல் போய் அந்த நாலு பேரிடமும் சொன்னாள். யாரும் காறித் துப்பவில்லை, எச்சில்தான் விழுங்கினார்கள். "வச்சத வீணாக்கினா பாவம்லா" என்று ஒருவர் வேதவசனம் மாதிரி சொன்னார். பந்தி விரிந்தது. ராகேலும் உட்கார்ந்தாள். மாங்காய்க்குப் புளிப்பு போதாது என்று குறை சொல்லிக்கொண்டே தட்டை மறுபடியும் நீட்டினாள்.

எல்லோருக்கும் விளம்பிவிட்டு லீலாபாயும் தட்டோடு உட்கார்ந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு சுவரில் தலையைச் சாய்த்து, "எனக்க ராசாவே, இதுல ஒரு வாய் திங்காமப் போனியளே" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். ஊர் காத்துக் கிடந்த அழுகை.

நடுமுள்ளைச் சப்பிக்கொண்டிருந்த ராகேல் பதறிப்போனாள்.

"பொறுட்டி லீலா, கை கழுவிட்டு வாறேன். சேந்து அழலாம்."