ஏனுங்க என்றால் ம்

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து, என் மனைவி என்னை நம்புவதை விட்டுவிட்டாள். பகலில் நம்புவாள். பால் வாங்கி வரச் சொல்வாள், தேங்காய் உரிக்கச் சொல்வாள், கரண்ட் பில் கட்ட அனுப்புவாள். ராத்திரி நான் கண்ணை மூடினால்தான் சந்தேகம் வந்துவிடும். மூடிய கண்ணை இந்த ஆள் மறுபடி திறப்பாரா, மாட்டாரா என்று.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து குறட்டை விட்ட ஆள் நான். பம்புசெட் மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே மோட்டார்களை ஓட்டிப் பார்க்கும் சத்தத்துக்கும் என் குறட்டைக்கும் வித்தியாசமே இல்லை என்று மகள் கேலி செய்வாள். அந்தச் சத்தத்தில்தான் என் மனைவி இத்தனை வருஷமும் தூங்கினாள். ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டரம்மா எடையைக் குறைக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். குறட்டை நின்றுபோயிற்று. தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற வரைக்கும் நிம்மதியாகத் தூங்குகிற விவசாயி, அது நின்றதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவளும் அப்படித்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மேலே ஃபேன் ஓடுவதால் எது என் மூச்சு, எது ஃபேன் காற்று என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சரி, கூப்பிட்டே பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தாள்.

“ஏனுங்க.”

“ம்.”

“ஒண்ணுமில்லீங்க. தூங்குங்க.”

இந்தப் பேச்சு ஒரு ராத்திரிக்கு நாலைந்து முறை நடக்கும். நான் ம் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் தோளைப் பிடித்து உலுக்குவாள். உலகத்திலேயே தூங்கச் சொல்வதற்காக மனுஷனை எழுப்புகிறவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நான் சாந்தமான ஆள் இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுக்கொண்டே வறுத்தெடுப்பேன் என்று கம்பெனியில் எனக்குப் பேர். ஆனால் இதற்கு மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஐசியூவில் கிடந்தபோது என் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு, யார் கேட்டும் கொடுக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாளாம். மகள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு ஒரு மனுஷன் எப்படி அவளைத் திட்டுவான். கூப்பிட்டால் ம் சொன்னேன், அவ்வளவுதான்.

விளைவு என்னவென்றால், ராத்திரி விட்ட தூக்கத்தைப் பகலில் பிடிக்க ஆரம்பித்தேன். சோபாவில் தூங்கினேன். முடி வெட்டும் நாற்காலியில் தூங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயா “விழித்திருங்கள்” என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். பின் வரிசையிலிருந்து மனைவி கையை நீட்டிக் கிள்ளியதில், பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து நின்று ஆமென் சொன்னேன். அன்றைக்குச் சபையே சிரித்தது, போதகர் ஐயாவும் சேர்த்துத்தான்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. என் பிரஷர் இறங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையை மாற்றிப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவி துப்பறிய ஆரம்பித்தாள். ஊறுகாய் ஜாடி காணாமல் போயிற்று. டிவியில் நாலு பேர் கத்திக்கொள்ளும் நிகழ்ச்சிக்குத் தடை வந்தது. தெருமுனை பேக்கரிக்காரரிடம் போய், “எங்கூட்டுக்காரர் வந்து தேங்காய் பன் கேட்டா குடுக்காதீங்க சாமி” என்று சொல்லிவைத்தாள். குற்றவாளியை எங்கெங்கோ தேடினாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“ஐயா, ராத்திரி தூங்கறீங்களா?”

“தூங்கறேனுங்க. நடுவுல நாலஞ்சு தடவை முழிப்பு வந்துருதுங்க.”

“பாத்ரூம் போறதுக்கா?”

பக்கத்து நாற்காலியில் மனைவி கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“இல்லீங்க. கொசுங்க” என்றேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தூங்கும்போதுதான் பிரஷர் தானாக இறங்கும், அந்த நேரம்தான் இருதயத்துக்கு ஓய்வு, வயதான காலத்தில் தூக்கம் விட்டு விட்டு வந்தால் அந்த ஓய்வு கிடைக்காது என்றார். “பகல்ல வேலை செஞ்ச ஆளை ராத்திரியும் நிக்க வச்சா என்ன ஆகுமுங்க ஐயா? நான் எத்தனை மாத்திரை எழுதினாலும் தூக்கம் இல்லைன்னா அது முழுசா கேக்காது. இப்படியே போனா மறுபடியும் இங்கயே வந்து படுக்கற மாதிரி ஆயிரும்.” டபுள் ஷிப்ட் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பயந்துபோனேன். கடைசியில் அவர் என் மனைவியிடம், “அம்மா, மொதல்ல ஒரு கொசுவலை கட்டுங்க” என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

“எங்கூட்டுல எங்கீங்க கொசு? ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சு, சாயங்காலமானா கதவைச் சாத்தி, நான் ஊட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கறேன். அந்த டாக்டரம்மா என்னைப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?”

“ஒரு கொசு இருக்குது அம்மணி” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கொசு அடிக்கும் பேட்டைக் கையில் எடுத்தாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில் என்று அறை முழுக்கத் தேடினாள். பேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் குனிந்தும் நிமிர்ந்தும் தேடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

“என்னங்க சிரிப்பு?”

“அந்தக் கொசு ‘ஏனுங்க, ஏனுங்க’ன்னு கூப்புடுது அம்மணி.”

ஒரு நிமிஷம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பேட்டைக் கீழே வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தட்டில் போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. சாயங்காலம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தப்ப நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். நீங்க எந்திரிச்சு உக்காந்தது தெரியல, வேர்த்தது தெரியல. நீங்க என்னைத் தட்டி எழுப்புற வரைக்கும் நல்லாத் தூங்கிட்டிருந்தேனுங்க. அதுக்கப்பறம் எனக்குத் தூங்கவே பயமாப் போச்சு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் எழுப்ப மாட்டேன் என்று அவளாகவே சொன்னாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அன்றிலிருந்து நான் தூங்கினேன், அப்பப்பா, அப்படி ஒரு தூக்கம். காலையில் எழுந்தால் உடம்பு லேசாக இருந்தது. யாரையும் திட்டத் தோன்றவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் பிரஷர் சொன்னபடி கேட்டிருந்தது. டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. “கொசு போயிருச்சுங்களா ஐயா?” என்று கேட்டார். போயிருச்சுங்க என்றேன். சந்தோஷத்தில் என் மனைவியையும் கூப்பிட்டு, “நீங்களும் கையை நீட்டுங்க அம்மா, வந்ததுக்கு ஒருக்காப் பாத்துரலாம்” என்றார்.

பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. மறுபடியும் பட்டையைக் கட்டிப் பார்த்தார்.

“அம்மா, நீங்க தூங்கறீங்களா?”

“தூங்கறேனுங்க” என்றாள் என் மனைவி. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தது. அவள் சொன்னதை நானும் நம்பவில்லை, டாக்டரம்மாவும் நம்பவில்லை. ஒரு மாதம் தூக்கத்தைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றி யோசிப்போம் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கூப்பிடுவதைத்தான் அவள் நிறுத்தியிருக்கிறாள். முழித்துக் கிடப்பதை நிறுத்தவில்லை. என் மூச்சை எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாள். என் இருதயத்தைத் தூங்கவைத்துவிட்டு அவளுடையதை அவள் நிக்க வைத்திருக்கிறாள். எனக்கு வந்த வலி இவளுக்கும் வந்தால் நான் என்ன செய்வேன்?

பெருந்துறையில் வாக்கப்பட்டிருக்கும் மகள் ஓடி வந்தாள். “அப்பாவை நான் பாத்துக்கறேன், நீ அந்த ரூம்ல போய்த் தூங்கும்மா” என்றாள். அன்றைக்கு என் மனைவி என்னையும் பார்த்துக்கொண்டு, கீழே பாயில் தூங்கிப்போன மகளுக்குப் போர்வையையும் இழுத்துவிட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். சூடாகப் பால் கொடுத்துப் பார்த்தோம். சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணிப் பார்த்தோம். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. குறட்டை நின்றதால்தானே இவளுக்குத் தூக்கம் போயிற்று, அதைத் திரும்பக் கொடுத்துவிட்டால் என்ன? படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, முழித்தபடியே குறட்டை விட்டேன். நன்றாகத்தான் விட்டேன்.

“நிறுத்துங்க” என்றாள். “இத்தனை வருசம் கேட்ட எனக்கு எது ஒரிஜினல்னு தெரியாதுங்களா?”

இருட்டில் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் தூங்கிவிட்டேன். அவள் தூங்கவில்லை.

அந்த வாரத்தில் கோபிசெட்டிபாளையத்தில் என் தங்கை வீட்டில் புதுமனை ஜெபம். காலையிலேயே காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். கோபி வழியாக அந்தியூர் போகிற பஸ். இரண்டு பேர் சீட் கிடைத்தது. அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். எனக்குப் பஸ் ஏறினால் வாய் நிற்காது. அந்த மில்லில் யார் மேனேஜராக இருந்தார், இந்தப் பாலம் கட்டும்போது எப்படிச் சுற்றிப்போனோம், அந்த ஹோட்டலில் முன்பு சாம்பார் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே வந்தேன். அவிநாசி தாண்டியதும் அவள் தலை என் தோளில் சாய்ந்தது.

முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன ஆச்சோ என்று பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி முகத்தைப் பார்த்தேன். நான் நிறுத்தியதும் அவள் இமை அசைந்தது, புருவம் சுருங்கியது. “அந்த சாம்பார்ல முருங்கைக்காய் போடுவாங்க பாரு” என்று மறுபடி ஆரம்பித்தேன். புருவம் தளர்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. நான் தூங்கும்போது இவளால் தூங்க முடியாது. நான் முழித்துப் பேசிக்கொண்டிருந்தால், ஆள் இருக்கிறார் என்று காதுக்குத் தெரிந்தால், இவளுக்குத் தூக்கம் வரும். எவ்வளவு சின்ன விஷயம். இது தெரியாமல் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் வாயை மூடவில்லை. சொல்லக் கதை தீர்ந்துபோனதும் கடை போர்டுகளைப் படித்தேன். உரக்கடை, நகைக்கடை, விதை நெல் கிடைக்கும், மாட்டுத் தீவனம், பல் ஆஸ்பத்திரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். முன் சீட்டு அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது முறை என் தோளில் கிடந்த தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நம்பியூர் போயிற்று. வாழைத்தோட்டம் வந்தது, வயல் வந்தது. தோள் மரத்துப்போயிற்று. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கோபி பஸ் ஸ்டாண்டில் பாதி வண்டி இறங்கியது. கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

“ஏனுங்க ஐயா, கோபி வந்துருச்சுங்க. எறங்கலீங்களா?”

“அந்தியூருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றேன்.

“அங்க யாராச்சும் இருக்கறாங்களா?”

“யாருமில்லீங்க.”

அவர் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கையாகத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை. பஸ் கிளம்பியது. விட்ட இடத்திலிருந்து போர்டு படிக்க ஆரம்பித்தேன்.

அந்தியூரில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண் திறந்தாள். கன்னத்தில் என் சட்டைத் தையல் பதிந்திருந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

“இது எந்தூருங்க?”

“அந்தியூர்.”

“கோபி?”

“அது போய் நேரமாச்சு.”

“எழுப்பியிருக்கலாமில்லீங்க?”

“மனசு வரல அம்மணி.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நெம்ப நல்லாத் தூங்கிப்போட்டேனுங்க” என்றாள்.