‘காலையில போனியாம்மா?’ என்று கேட்ட டாக்டர்

செய்தியைக் கொண்டுவந்தவன் என் மகன் முருகன். காலையில் வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்தியவன், இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போனேன்.

“இன்னாடா, வூட்டுக்குள்ள வராம குந்திகினு கீற?”

“நம்ம வயித்து டாக்டரு தவறிட்டாரும்மா. நேத்து நான்தான் வண்டில இட்டுகினு போனேன். பொழச்சிப்பாருன்னுதான் நெனச்சேன்.”

படப்பையில் டாக்டர் தேவநேசனிடம் வயிற்றைக் காட்டாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. ஒரகடத்தில் ஷிஃப்டு முடிந்து வருகிறவர்கள், தண்டலத்தில் படிக்கிற பிள்ளைகள், எங்கள் வடக்குப்பட்டு ஜனம் எல்லாருக்கும் அவர் வயிற்று டாக்டர். தேவநேசன் என்று கேட்டால் வழி சொல்ல ஆள் கிடைக்காது. வயிற்று டாக்டர் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நர்ஸ் ரோசிலினைக் கூப்பிட்டாராம். “சிஸ்டர், இது கேஸ் இல்ல. வண்டி பாருங்க” என்றாராம். வாசலில் நின்றது முருகன் வண்டி. இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உடனே இறங்கிவிட்டார்களாம். ஆஸ்பத்திரி போகிற வழியில் அவர் முருகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “உன் பொண்ணு தண்ணி குடிக்கிறாளாய்யா?”

“குடிக்கிறா சார்” என்றானாம். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

அவரை நினைத்து ஒரு சிறு நினைவு மலர் அச்சுப் போடுகிறோம், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்று ரோசிலின் சிஸ்டர் கேட்டார். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள், அதனால் கூட்டிச் சொல்ல முடியாது.

‘இது கேஸ் இல்ல’ என்று அவர் சொன்னதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். நமக்கு நெஞ்சு எரிந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவோம். ஒருமுறை நான் கிளினிக்கில் இருந்தபோது ஒரு பரோட்டா மாஸ்டர் சட்டையெல்லாம் நனைய வியர்த்துப்போய் வந்தார்.

“கேஸு சார். சோடா குடிச்சும் ஏப்பம் வரல. ஒரு ஊசி போட்டு வுட்டீங்கன்னா கடைக்கு ஓடிருவேன்.”

“நோய் என்னன்னு நீயே சொல்லிட்ட, மருந்தும் நீயே சொல்லிட்ட. நான் போய்ப் பரோட்டா போடட்டுமா?” என்றார் டாக்டர். “மொதல்ல நெஞ்சு. நெஞ்சு நல்லாருந்தாத்தான் வயிறு.”

ஈசிஜி எடுக்கவைத்து, அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அந்த மாஸ்டர் இன்றைக்கும் கல்லின் முன்னால் நிற்கிறார். டாக்டர் தன் விஷயத்திலும் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்தத் தடவை பலிக்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. “எழுது ஆயா, என் பேரையும் போட்டே எழுது” என்று சந்தியாவே சொல்லிவிட்டாள்.

சந்தியா முருகனின் மகள், என் பேத்தி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்து, சின்ன வயதிலேயே லைன் லீடர் ஆனவள். அவள் படத்தைக் கம்பெனி போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதை செல்போனில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள். தெருவில் நான் காட்டாத ஆள் கிடையாது. படம் எதற்காக என்று கேட்பவர்களுக்கு விளக்கமும் சொல்வேன். லைனில் நிற்கிற பெண் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். தலைக்கு மேலே மஞ்சள் லைட் எரியும். மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். என் பேத்தியின் லைனில் மட்டும் அந்த லைட் எரிவதே இல்லை. “அவ்ளோ ஒழுங்கா வச்சிகினு கீறா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லைட் எரியாமல் இருக்க அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பஸ்ஸில் விக்கல் எடுத்தால்கூட நாக்கு நனைகிற அளவுக்குத்தான். வெளிக்கு வந்தாலும் வீட்டுக்கு வருகிற வரைக்கும் அடக்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு சட்டம் கம்பெனியில் கிடையாது. லைனின் பெயர் கெடக்கூடாது என்று இவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். அதில் முதல் ஆள் சந்தியா.

அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சாப்பாட்டைக் குறைத்தாள். நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். உடம்புச் சூடு என்று நான் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“ஆயா, தாத்தாவுக்கு மொதல்ல இன்னா வந்துச்சு?”

என் வீட்டுக்காரர் குடலில் கட்டி வந்து இறந்தவர். முதலில் வந்தது ரத்தம்தான். “உனக்கும் வருதா?” என்றுதான் கேட்டேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

மறுநாளே படப்பைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்திருக்கிறது, வெளியே பெஞ்சு நிறைய ஆள். டாக்டர் அவளை உட்காரச் சொல்லி, மணி அடித்த மாதிரி கேட்டார்: “காலையில போனியாம்மா?”

சந்தியா சுவரைப் பார்த்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இன்னா டாக்டரே, வயசுப் பொண்ணு. வெளிய அத்தினி பேரு குந்திகினு கீறாங்க, இப்பிடியா கேப்பாங்க?”

“சாப்டியான்னு கேட்டா ஊருக்கே கேக்குற மாதிரி பதில் சொல்றீங்க. சாப்டது வெளிய போச்சான்னு கேட்டா மட்டும் ஏன் பாட்டியம்மா எல்லாரும் சுவத்தப் பாக்கீங்க?”

“மொதல்ல அந்தப் பாட்டியம்மாவ வுடுங்க. உங்களுக்கு நான் தங்கச்சி மாதிரி.”

சிரித்துவிட்டார். என் பெயரைக் கேட்டார். அன்று முதல் கடைசி வரைக்கும் எனக்குக் கன்னியம்மா என்றுதான் அழைப்பு. ஆனால் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பெண்கள் உள்ளே போனால் கதவு சாத்துவது அங்கே வழக்கமாகிவிட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை, சத்தமும் குறையவில்லை.

சோதித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “மூலமும் வெடிப்பும் இருக்கு. ரத்தத்துக்கு அதுதான் காரணம்னு என் அனுபவம் சொல்லுது. ஆனா தாத்தாவுக்குக் கட்டி இருந்துருக்கு, பிள்ளைக்கு ரத்தமும் குறைஞ்சிருக்கு. இப்ப நான் அனுபவத்த நம்ப மாட்டேன். கேமரா விட்டுப் பாத்துட்டுத்தான் சொல்வேன்.”

அந்தப் பரிசோதனைக்குக் குடலைச் சுத்தம் பண்ண ஒரு பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். சொம்பு சொம்பாகக் குடித்தாள். நடுவில் என்னிடம், “தெனமும் தண்ணியையே ஒழுங்கா குடிச்சிருக்கலாம் ஆயா, இந்தக் கருமத்தக் குடிக்கறதுக்கு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தவுடன் பயம் திரும்பி வந்தது. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது, அவள் தாத்தாவுக்காக இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. முருகன் டீ வாங்கி வந்தான். ஆறிப்போயிற்று.

டாக்டர் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். “கன்னியம்மா, கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. குடல் சுத்தமா இருக்கு. உன் பேத்தி பண்ண வேலைதான் எல்லாம்” என்றார்.

களிம்பும் மலம் இளக மருந்தும் கொடுத்தார். அகலமான டப்பில் வெந்நீர் ஊற்றி அதில் உட்காரச் சொன்னார். என் வெந்தயத்தையும் விட்டுவைத்தார். கீரையும் பழமும் சேர்க்கச் சொன்னார். பிறகு லைனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். சந்தியா பெருமையாகத்தான் சொன்னாள், “எங்க லைன்ல லைட்டே எரியாது சார்” என்று.

“அப்படின்னா ஷிஃப்டு முழுக்க ஒருத்தியும் போகலன்னு அர்த்தம். உன் லைன் பொண்ணுங்க எத்தன பேரு என்கிட்ட வந்து உக்காந்து சுவத்தப் பாக்குறாங்கன்னு தெரியுமா? லீடர் நீ போகல. அவங்க எப்படிப் போவாங்க? மொதல்ல நீ பட்டன அமுக்கு.”

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோனாள். சாயங்காலம் வந்து நடித்தே காட்டினாள். பட்டனை அமுக்கியிருக்கிறாள். மஞ்சள் லைட் எரிந்திருக்கிறது. எரிந்து பார்க்காத லைட் என்பதால் சூப்பர்வைசர் ஓடி வந்திருக்கிறார்.

“இன்னா சந்தியா, மெஷின் நின்னுடுச்சா?”

“மெஷின் ஓடுது சார். எனக்குத்தான் போவணும்.”

அவர் உடனே மாற்று ஆளை நிறுத்தியிருக்கிறார். அவள் திரும்பி வருவதற்குள் இன்னொரு லைட் எரிந்துகொண்டிருந்ததாம்.

அடுத்த மாதம் போர்டில் வேறு யாரோ ஒருவரின் படம் வந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. டாக்டரிடமே போய்ச் சொன்னேன், “உங்க பேச்சக் கேட்டு எம் பேத்தி படம் போச்சே” என்று. அவர் மேஜையில் இருந்த கவரிலிருந்து கேமராவில் எடுத்த குடல் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். “இதைவிட நல்ல படம் அவளுக்கு அமையாது. ஃபிரேம் போட்டு மாட்டு கன்னியம்மா” என்றார். ஃபிரேம் போடவில்லை. பீரோவில், அவள் தாத்தா படத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

டாக்டரின் அடக்கத்துக்குச் சந்தியாவால் நேரத்துக்கு வர முடியவில்லை. ஷிஃப்டு முடிந்து யூனிஃபார்மோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மண் தள்ளியாகிவிட்டது. அவள் லைன் பெண்கள் நான்கைந்து பேரும் கூட வந்திருந்தார்கள். பூ வைத்தார்கள். திரும்பி நடக்கும்போது தண்ணீர் பாட்டில் கைக்குக் கை மாறியது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். என் வீட்டில் முன்பு யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது. இப்போது வேலைக்குக் கிளம்புகிறவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் இதையும் கேட்கிறேன். முருகன் மட்டும் இன்னும் கூச்சப்படுகிறான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டிபன் டப்பாவை மட்டும் கொடுத்தேன். சந்தியா வாங்கிக்கொண்டு ரோட்டு முனைக்கு நடந்தாள். கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறியவள் படியிலேயே நின்று திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஆயா, நீ கேக்கலன்னாலும் சொல்றேன். காலைல போயாச்சு!”

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. கடைசி ஜன்னலிலிருந்து எனக்குப் பெயர் தெரியாத ஒரு பெண் தலையை நீட்டி, “நானும் ஆயா!” என்றாள்.