உப்புத் தண்ணீரில் கழுவிய முருங்கை இலை

எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்து கழுவுவது என் வேலை. மகள் தன் ஆய்வுக்கு முருங்கை இலை வேண்டும் என்றபோது அதனால்தான் முந்திக்கொண்டேன்.

அவள் முதுகலை மாணவி. இலைச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து காய்ச்சி உலையில் சுட்டால், துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் கிடைக்கும். சாயத் தண்ணீரில் அதைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்து நிறம் போய்விடும். முதல் முறை எல்லாவற்றையும் அவளே செய்தாள். நீலத் தண்ணீர் தெளிந்துவிட்டது. அதே முடிவு இன்னும் மூன்று முறை வர வேண்டும், கல்விப் பருவ முடிவுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அவளுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று, எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்து மரத்தில் இலை பறித்து, கழுவி, தாழ்வாரத்தில் உலர்த்திக் கொடுத்தேன். முதலில் கொடுத்ததில் நீலம் போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை.

"அப்பா, இலைய எப்படிக் கழுவுனீங்க?"

"முப்பது வருசமா கீரை கழுவுறேன், எனக்கே பாடமா? நல்லாத்தான் கழுவுனேன்லா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. உலையைச் சந்தேகப்பட்டாள், ரசாயனத்தைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன்னையே. மூன்றாவதும் நீலமாகவே நின்ற அன்று, "நான் நிப்பாட்டிக்கிறேன்பா" என்றாள். அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சமையலுக்குக் கீரையை அலசும்போது, என் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போனது. புழு போக உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது என் வழக்கம். அவள் இலைக்கும் அதையேதான் செய்திருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன்.

"உப்பா?"

"கொஞ்சம் மஞ்சளும்."

"இது லேப் வேலைப்பா, பொரியல் இல்ல. உப்பு ஒட்டியிருந்தா சாம்பிளே கெட்டுப்போயிடும்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அன்னைக்கே கேட்டேன்ல?"

கேட்டாள். எனக்குத்தான் ரோஷம் வந்தது.

அடுத்த இலையை அவளே பறித்து, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீரில் கழுவினாள். நேற்று அவளிடமிருந்து என் கைபேசிக்கு நிறமில்லாத தண்ணீரின் படம் வந்தது. கீழே, "ஒன்னு ஆச்சு." இன்னும் இரண்டு இருக்கிறது, பருவம் முடிய மூன்று வாரம்கூட இல்லை. நான் கெடுத்த வாரங்களை யாரிடம் கேட்பது?

தாழ்வாரத்தில் இப்போது இலை காய்கிறது. பக்கத்தில்கூட நான் போவதில்லை. மழை வந்தால் மட்டும் அவளைக் கூப்பிடுகிறேன்.