லத்திமேடு போன வழி

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தின் கோடியில் ஒரு மேடு இருந்தது. ஜட்கா வண்டிக் குதிரைகளின் லத்தி, வீட்டு அடுப்புச் சாம்பல், கசாப்புக் கடைக் கழிவு எல்லாம் சேர்ந்து, மழைக் கால்வாயின் மேலேயே உட்கார்ந்திருந்தது. யார் அள்ளுவது என்று சண்டை நடந்ததே தவிர, ஒருவரும் ஒரு கூடை அள்ளியதில்லை. சாம்பல் கொட்டியவர்கள் லத்தியைக் காட்டினார்கள். லத்தி கொட்டியவர்கள் சாம்பலை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு புயல்மழையில் கால்வாய் முழுக்க அடைத்துக்கொண்டது. தண்ணீர் வாசற்படி ஏறி, அடுப்பை அணைத்து, தம்பியின் தூளியைத் தொட வந்துவிட்டது. அப்பா மில்லுக்குப் போயிருந்தார். அம்மா தம்பியை எதிர் மாடிவீட்டில் கொடுத்துவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கினாள். ஜட்காக்காரர் மட்டும் இன்னமும் சாம்பலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், பேசிகினே நிக்கிறீங்க? ஊடு முழுகினப்புறம் தள்ளுவீங்களா?”

அவர் மண்வெட்டியோடு குதித்தார். பிறகு சந்தே குதித்தது. நான் அடுப்புச் சாம்பல் வாரும் தகரத்தோடு இறங்கினேன். குத்தினோம், வாரினோம், தள்ளினோம். திடீரென்று மேடு ஒரு முறை அசைந்து, அப்படியே வெள்ளத்தோடு கிளம்பியது! எங்கள் வீட்டுத் தண்ணீர் வாசல் வழியாக அதன் பின்னாலேயே ஓடியது. தேர் நிலைக்கு வந்ததுபோல் எல்லோரும் கத்தினோம். ஜட்காக்காரர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். முழங்கை வரை லத்தியோடு, “பீடை ஒழிஞ்சுது!” என்று அம்மா சிரித்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வருஷா வருஷம் தீபாவளிக்கு வரும் அத்தை, அந்த மழை நின்ற பத்தாம் நாளே, வெகு முன்னதாக வந்து இறங்கியது எங்களுக்கு ஆச்சரியம். அப்பாவின் தங்கை, ஒசூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் இருந்த குழந்தை துவண்டு கிடந்தது.

“வெள்ளம் கறுப்பா வந்துச்சு அண்ணி. மீனெல்லாம் செத்து மெதந்துச்சு. மணல்ல ஊத்து தோண்டினாக்கூட தண்ணி நாறுது. இவனுக்கு வயித்தால போறது நிக்கவே இல்ல.”

“எந்தப் பாவிங்க என்னத்தக் கொட்டினாங்களோ!” என்று அம்மா வயிறெரிந்து சொல்லி, குழந்தைக்குக் கஞ்சி ஆற்றினாள்.

எங்கள் கால்வாய் ஏரியில் விழுந்து, ஏரிக்கு ஏரி இறங்கி, கடைசியில் அந்த ஆற்றில்தான் சேர்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் மேட்டைப்போல் எத்தனை சந்துகளின் மேடுகள் அந்த மழையில் கிளம்பியிருக்கும் என்று நினைக்க எனக்கு வயதில்லை. எங்கள் வெற்றியை நடித்தே காட்டினேன். முடிவில், அத்தையைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “உங்க ஊர்ல எங்கம்மா மாதிரி ஆளில்ல அத்தை. இருந்திருந்தா அத்தனையும் தள்ளி விட்டிருப்பாங்க” என்றேன்.

“ஆமாண்டி கண்ணு, உங்கம்மா கெட்டிக்காரிதான்” என்றாள் அத்தை. அப்புறம் எங்கள் குழாய்த் தண்ணீரில் இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தாள்.