சொல்கிறவர் எங்கே நிற்கிறார்?

‘வெளியே’ என்ற ஒரே ஒரு சொல்லுக்காகத் திசைகாட்டி அக்கா மறுபடியும் எழுந்து போய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்க்கிறார். பிறகு உள்ளே வந்து நின்று கதவைப் பார்க்கிறார். “சொல்றவர் எங்க நிக்கிறார்னு எழுதவே இல்லையே, இதை எழுதினவங்களை என்ன பண்றது!” என்று புலம்புகிறார்.

திசைகாட்டி என்பது அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர். கார், லிஃப்ட், மடக்குக் கட்டில் என்று எதைப் பயன்படுத்துவதற்கான ஆங்கிலக் குறிப்பு வந்தாலும், அதிலுள்ள திசைச் சொற்களை ஜெர்மனில் எழுதித் தருவது அவர் வேலை. ஜெர்மனில் ‘வெளியே’ என்பதற்கு, சொல்கிறவர் உள்ளே இருந்தால் ஒரு சொல், வெளியே இருந்தால் வேறொரு சொல். அதனால் நடித்துப் பார்க்காமல் அக்கா எதையும் எழுதமாட்டார். ‘மேலே’ வந்தால் நாற்காலியில் ஏறிவிடுவார். ‘அடியில்’ வந்த அன்று மேலாளர் அவரைத் தேடி வந்து, மேசைக்கடியில் இரண்டு பாதங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஊருக்கெல்லாம் வழி சொல்லும் இந்த மனுஷிக்குத் தன் இடது வலது தெரியாது. யாராவது ‘இடது பக்கம்’ என்றால் கையைத் தூக்கிக் காற்றில் தன் பெயரை எழுதிப் பார்ப்பார். “எழுதுற கை வலது. அப்போ மிச்சம் இருக்கறது இடது.” உட்கார்ந்த இடத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. போன முறை ஓட்டுநர் தேர்வில், ஓடுகிற காரில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காற்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தேர்வு அதிகாரி கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே ஃபெயில் போட்டாராம்.

ஆனால் லைசென்ஸ் கிடைத்தே ஆகவேண்டும். கணவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் கார் வாசலில் தூங்குகிறது. பஸ் போகாத ஊரில் மகள் நிறைமாதமாக இருக்கிறாள். “வலி எடுத்தா அம்மான்னுதானே கூப்பிடுவா? நான் என்ன பறந்தா போவேன்?” என்று கேட்டார் அக்கா.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஜெர்மனில் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கை தடுமாறாது. ‘லிங்க்ஸ்’ என்று வாய் சொன்னால் இடது கை தானாக எழும். இத்தனை வருஷமாக நடித்த பழக்கம். “பேசாம ஜெர்மன்லயே ஓட்டுங்களேன்க்கா” என்று கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த தேர்வுக்குத் துணைக்குப் போனேன். பின்சீட்டில் இடம் கொடுத்தார்கள். அதே அதிகாரிதான். ஏறியதுமே சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“இடது பக்கம் திரும்புங்க.”

“லிங்க்ஸ்” என்றார் அக்கா. கார் அழகாகத் திரும்பியது.

“வலது.”

“ரெஷ்ட்ஸ்.”

“என்னம்மா, ஏதாவது மந்திரம் சொல்றீங்களா?”

“இல்ல சார், வேலை பாக்கறேன்.”

அதன்பிறகு அதிகாரி திருப்பங்களை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். கதவுப் பிடியை எந்தத் திருப்பத்தில் விட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

காரை நிறுத்தியதும் அதிகாரி முதலில் இறங்கிக்கொண்டார். “பாஸ் பண்ணிட்டீங்கம்மா. வெளிய வாங்க.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி மகள் கூப்பிட்டால் போகலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவில் கை வைத்தவர், சட்டென்று நிறுத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அதிகாரி எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் கதவைத் திறந்தார்.