விபூதி போட்டுத் தேய்த்த சிங்கம்

தண்டபாணி சார் இறந்த செய்தி டெலக்ஸில் வந்தது. மதராஸ் ஏஜென்ட் அனுப்பிய தகவலின் முதல் வரியில் கப்பல் இரண்டு நாள் தாமதம். இரண்டாவது வரியில் சாமான் கட்டிய தேயிலைப் பெட்டிகள் நனைந்துவிட்டன. மூன்றாவது வரியில், ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போன தண்டபாணி காலமானார். தாளைக் கிழித்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். எத்தனை பெட்டி நனைந்தது என்று உடனே கேட்கச் சொன்னார். தண்டபாணி சார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தமிழ்ச் சங்கத்தின் சார்பில் ஈசா டவுனில் இரங்கல் கூட்டம் நடந்தது. வடையும் டீயும் உண்டு. பழகுவதற்கு இனியவர் என்றார் ஒருவர். குழந்தை உள்ளம் என்றார் இன்னொருவர். தண்டபாணி சார் எதிரே வருவதைக் கண்டால் பக்கத்துக் கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடைக்குள் புகுந்துகொண்டு தயிர் விலை விசாரிக்கும் நம் செயலாளர், 'என் உடன்பிறவா அண்ணன்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஹ்ரைனுக்கு வந்த இத்தனை வருடத்தில் இவ்வளவு பொய்யை ஒரே கூரையின் கீழ் நான் கேட்டதில்லை.

சங்க மலரில் இதைப் படிக்கும் நீங்கள் அவரை அறிந்தவர்கள். உங்களிடம் அந்த வித்தையெல்லாம் வேண்டாம். தண்டபாணி சார் யாரையும் மதித்தவர் அல்ல. வெள்ளைக்காரன், அரபி, மேனேஜர், லேபர், தன் மைத்துனன் என்று பேதம் பார்க்காமல் எல்லோரையும் ஒரே அளவு மட்டமாக நினைத்தார். பதிலுக்கு நானும் அவரை மட்டமாகவே நினைத்தேன். பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இந்தக் கொடுக்கல் வாங்கலை இருவரும் குறைவில்லாமல் நடத்தினோம்.

மனாமாவில் எங்கள் கம்பெனி, ஊர் திரும்புகிறவர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலேற்றும். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் ஏதாவது வெள்ளிப் பாத்திரம் இருந்தது. இன்ஷூரன்ஸுக்கு, அது நிஜ வெள்ளியா, எந்த வருடத்தியது என்று எழுதித் தர வேண்டும். அந்த வேலைக்கு யாரும் இல்லாததால் தண்டபாணி சார் தானே எடுத்துக்கொண்டார். முத்திரைகளின் அட்டவணை போட்ட ஒரு கையடக்கப் புத்தகமும் ஒரு பூதக்கண்ணாடியும்தான் அவருடைய பல்கலைக்கழகம்.

விஷயம் பெரிய மர்மமில்லை. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடக்கும் சிங்கம் இருந்தால் நிஜ வெள்ளி. சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். செய்தவனின் பெயர் எழுத்துகள் ஒரு பக்கம். அப்புறம் வருடத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. லண்டனில் இருபது எழுத்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்கிறவன் ஏமாறுவான். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தையும் கூட இருக்கும் மற்ற முத்திரைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "ஆளைப் பாக்காதீங்க, அடியைப் பாருங்க" என்பது அவர் தினமும் சொல்லும் வசனம். இதை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு, முதலாளி மனைவி ஆசையாகக் காட்டிய தட்டைக் கவிழ்த்துப் பார்த்து "முலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு அவரைக் கூப்பிட்டது என் முட்டாள்தனம். மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய வெள்ளித் தம்ளரில் பாதாம் பால் கொடுத்தோம். குடித்து முடித்தார், தம்ளரைக் கவிழ்த்தார், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "சிங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாதிக்குப் பாதி செம்பு. கடைக்காரன் உங்க மாமியாரை நல்லா ஏமாத்திட்டான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. என் மனைவி கமலா அதற்குப் பிறகு அவரை வாசல்படி ஏற்றவில்லை. நான் அதற்கு வருத்தப்படவும் இல்லை.

இனி பெல்லாமி விஷயம். இவர் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியின் மேலதிகாரி. தன் குடும்பத்தைப் பற்றி அபாரமான அபிப்பிராயம் கொண்டவர். இங்கிலாந்து திரும்பும்போது ஒரு வெள்ளிக் காபி கூஜாவைக் கொண்டுவந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தது, 1787இல் லண்டனில் செய்தது, முப்பாட்டன் சொத்து என்று தாத்தா சொல்லியிருக்கிறார் என்றார். அடியில் சிங்கம், சிறுத்தை, செய்தவன் எழுத்து, சின்ன 'எம்'. நாலும் தேய்ந்து மங்கியிருந்தன. தண்டபாணி சார் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 1907 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சின்ன 'எம்' இரண்டு வருடங்களுக்கும் உண்டு. ஆனால் 1787 என்றால் சிறுத்தை கிரீடம் வைத்திருக்கும், வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜாவின் தலையும் ஐந்தாவது முத்திரையாக இருக்கும். இதில் இரண்டும் இல்லை.

பெல்லாமியின் மூளை அதன்பின் வேலை செய்த விதம் இது. தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். கூஜா 1907. ஆகவே சமையல்காரன் அசலை விற்றுவிட்டு வேறொன்றை வைத்துவிட்டான். இவ்வளவுதான். சமையல்காரன் காளிமுத்து, ராமநாதபுரம் பக்கத்துக்காரன், அந்த வீட்டில் ஒன்பது வருடம். அவனுடைய பாஸ்போர்ட் பெல்லாமியின் கம்பெனி பீரோவில் இருந்தது.

காளிமுத்து என்னிடம்தான் ஓடி வந்தான். தமிழர்களுக்கு மனு எழுதித் தரும் நல்லவன் என்று எனக்கு அப்போதே பெயர். "அண்ணே, அந்தக் கூஜாவ வாரத்துக்கு ஒருக்கா நாந்தாண்ணே தேச்சு வச்சேன். மேடம் குடுக்குற பாலிசு தீந்துபோனா, ஊருலருந்து வந்த பழனி விபூதியப் போட்டுத் தேப்பேன். எடுத்தவன் எதுக்குண்ணே தேக்கணும்?" என்று அழுதான்.

நான் தண்டபாணி சாரிடம் போனேன். "1787ன்னு மாத்திப் போட்டுடுங்க சார். யாருக்குத் தெரியப்போவுது? ஒரு ஆள் பொழச்சுப் போவான்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க நல்ல மனசை வீட்டுல வச்சிட்டு ஆபீஸ் வாங்க கோபால்" என்றார். ஒரு மனிதனுடைய பிழைப்பைவிட ஒரு 'எம்' பெரிதா என்று கத்தினேன். "இந்த எம்மை நான் அடிக்கல. அதை மாத்தவும் எனக்கு உரிமை இல்ல" என்றார். அன்று அவரை வெறுத்ததுபோல நான் எவரையும் வெறுத்ததில்லை.

பெல்லாமியிடம் நானே பேசினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போலீஸுக்குப் போவதில்லை, ஊருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நல்ல சமாதானம் என்று எனக்குப் பட்டது. இங்கிலீஷில் நானே டைப் அடித்தேன். அசல் கூஜாவை விற்றேன், வேறொன்றை வைத்தேன், மன்னிக்க வேண்டும். அந்தத் தாள் ஒரு கோப்பில் உட்கார்ந்துவிட்டால் வளைகுடாவில் எந்த வாசலும் அவனுக்குத் திறக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எல்லோருக்கும் நல்லது செய்கிறோம் என்ற பெருமிதத்தோடுதான் அடித்தேன்.

காளிமுத்துவை ஸ்டூலில் உட்கார வைத்துப் பேனாவைக் கொடுத்தேன். "கையெழுத்துப் போடு. போலீஸ் மாஃபி, அதெல்லாம் வராது. டிக்கெட் வந்துடும், கலாஸ், முடிஞ்சுது."

"இதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

"வேலைய விட்டுப் போறேன்னு எழுதியிருக்கு" என்றேன்.

அந்த நேரத்தில் தண்டபாணி சார் எழுந்து வந்தார். பெல்லாமியின் பெட்டிகளோடு வந்திருந்த பழைய காகிதக் கட்டு அவர் கையில் இருந்தது. அதில் தாத்தா காலத்து இன்ஷூரன்ஸ் தாள் ஒன்று. கூஜாவின் அடியில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்தக் காலத்திலேயே முத்திரைகளைப் பதிவு எடுத்திருந்தார்கள். ஆபீஸ் பிள்ளையார் படத்துக்கு ஏற்றும் கற்பூரத்தில் இரண்டு வில்லையை ஒரு கரண்டியில் வைத்துக் கொளுத்தினார். கூஜாவின் அடியை அந்தப் புகையில் காட்டிக் கருக்கினார். செல்லோடேப்பை அதன்மேல் அழுத்தி உரித்தார். ஒட்டுவதற்கு வெள்ளைத் தாள் வேண்டியிருந்தது. காளிமுத்துவின் முன்னால் இருந்த தாளை உருவித் திருப்பினார், அதன் பின்பக்கத்தில் ஒட்டினார்.

கண்ணுக்குப் பிடிபடாத நாலு முத்திரையும் கறுப்பில் எழுந்து நின்றன. சின்ன 'எம்' வலப்பக்கம் சாய்ந்து, ஒரு கால் சிங்கத்தின் கட்டத்தை மிதித்துக்கொண்டிருந்தது. தாத்தாவின் பென்சில் பதிவிலும் அதே சாய்வு, அதே கால், அதே மிதி. அங்கேயும் நாலு முத்திரைதான், ராஜா தலை இல்லை.

பெல்லாமி வந்ததும் தண்டபாணி சார் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். முத்திரையைக் கையால் அடிப்பார்கள், ஒரே ஆள் அடித்தாலும் இரண்டு பாத்திரத்தில் இப்படி ஒரே மாதிரி விழாது என்று இங்கிலீஷில் விளக்கினார். "இது உங்கள் தாத்தா வைத்திருந்த அதே கூஜா. யாரும் எதையும் மாற்றவில்லை. அவர் இதைக் கடையில் புதிதாக வாங்கிவிட்டு உங்களுக்கு ஒரு முப்பாட்டனையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்" என்றார். பெல்லாமியின் முகம் வெந்த இறால்போல ஆனது. கூஜாவை எடுத்துக்கொண்டு போனார். காளிமுத்துவிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் டிரைவர் கையில் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தனுப்பினார்.

காளிமுத்து தடாலென்று தண்டபாணி சாரின் காலில் விழுந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். "எந்திரிடா. ஒம்பது வருசம் விபூதி போட்டுத் தேச்சுத் தேச்சு சிங்கத்துக்கு மூஞ்சியே இல்லாம பண்ணியிருக்க. உன்னால எனக்கு ரெண்டு கற்பூரம் தெண்டம். யல்லா, போ." அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவன் போனதும் அந்தத் தாளை என் டைப்ரைட்டர் மேல் போட்டார். நான் அடித்த பக்கம் மேலே இருந்தது. "டைப்பிங்ல ரெண்டு தப்பு இருக்கு" என்றார். அவ்வளவுதான். காளிமுத்துவிடமோ வேறு யாரிடமோ அவர் அதைப் பற்றிப் பேசியதாக இந்த நிமிடம்வரை எனக்குத் தகவல் இல்லை. அது கருணை என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு நேரமில்லை என்றே நினைக்கிறேன்.

இரங்கல் கூட்டத்தில் வடை சுட்டவன் காளிமுத்துதான். இப்போது ஒரு கேம்ப் மெஸ்ஸில் அவன்தான் பெரிய குக். அவனையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். "பெரிய சாரு என்னையத் திட்டாத நாளு கெடயாது. அவுக ஆத்மா சாந்தியடையட்டும். ஆனா அன்னைக்கு எனக்காக ஓடியாடி நின்னது கோபால் அண்ணந்தான்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். உடன்பிறவா அண்ணன் என்று அழுத செயலாளரைப் பற்றி மேலே எழுதினேன். அந்த மண்டபத்தில் இருந்த பெரிய பொய்யன் அவரல்ல.

தண்டபாணி சாருடைய பூதக்கண்ணாடி யாரிடம் போனதோ தெரியாது. என்னிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். ஒரு பக்கம் அவருடைய கற்பூரக் கரியில் நாலு முத்திரை, மறுபக்கம் நான் அடித்த பதினோரு வரி. ஆளைப் பார்க்காதே, அடியைப் பார் என்பாரே, நேற்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவரிடம் எனக்கு இன்றும் அன்பு வரவில்லை. வெட்கம்தான் வருகிறது.

காளிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பான். இது அச்சாகும் சங்கத்து மலரின் ஒரு பிரதியை அவனுடைய மெஸ்ஸுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவன் மெதுவாகத்தான் படிப்பான். படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.